நடுவில் இருக்கும் ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பூரில், பல்லடம் ரோட்டில் வீரபாண்டி பிரிவை ஒட்டிய பேக்கரியில் இன்னும் கூட்டம் சேரவில்லை. முந்தின நாள் சம்பளம் வாங்கிய அலுப்பில் பாதி ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கட்டிங் மாஸ்டர் ஒற்றை விரலால் போனில் ஃபேஸ்புக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிற விரல்.

"ஏந் தம்பி, இதுல ஒரு ஆளக் கண்டுபிடிக்கோணும்னா எப்படி? பேரப் போட்டுப் பாத்தாச்சு. நூத்துக்கணக்குல வருது. நம்மாளு ஒருத்தனும் இல்ல."

"யாருங்க மாஸ்டர்?"

"சாயப்பட்டறையில இருந்தான். ஒரே லைன் வீட்டுல ஏழு வருஷம். தேனிப் பக்கத்து ஆளு. பட்டறைய மூடுனப்பப் போனவன்தான்."

பட்டறையை மூடினப்ப என்றால் இந்த ஊரில் விளக்கம் வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். சாயக்கழிவால் நொய்யல் ஆறு செத்துப்போனது, ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது, கீழே பாசனம் செய்த விவசாயிகள் பல வருஷம் நீதிமன்றத்தில் போராடினார்கள். கடைசியில் 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. ஆற்றின் பக்கம் நின்று பார்த்தால் அந்த உத்தரவு நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் நெல்லைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, யார் எங்கே போனார்கள் என்று எந்த நோட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. மாஸ்டரின் கூட்டாளி அப்படிப் போனவர். நம்பர் ஒரு பட்டன் போனில் இருந்தது. அந்தப் போனும் பிறகு போய்விட்டது.

முதலில் ஒன்றைச் சொன்னேன். பேரை வைத்துத் தேடுவதை விட்டுவிடுங்கள், நம் ஊர்ப் பேர்கள் அதற்குச் சிக்காது. ஃபேஸ்புக் முதல் பேர், கடைசிப் பேர் என்று இரண்டு கேட்கும். நமக்கு இருப்பது ஒரு பேரும் ஒரு இனிஷியலும். அதனால் ஒருவர் அப்பா பேரைச் சேர்த்துப் போடுவார், ஒருவர் ஊர்ப் பேரைப் போடுவார், இன்னொருவர் தன் பேரையே இரண்டு தடவை போட்டுவிடுவார். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ'வுக்கு இசட் போடுகிறவரும் உண்டு, எல் போடுகிறவரும் உண்டு. படத்தில் குலசாமி இருக்கும், இல்லாவிட்டால் பேரப்பிள்ளை, அதுவும் இல்லாவிட்டால் நடிகர். பதினைந்து வருஷம் கழித்து அந்தக் கூட்டத்தில் முகம் தெரியாத ஒரு முருகனையோ செல்வத்தையோ எப்படிப் பிரித்து எடுப்பது?

"அப்புறம் எதை வெச்சுத் தேடறது?"

"அவரோட யார் யார் இருந்தாங்க, அதைச் சொல்லுங்க மாஸ்டர்."

அவர் யோசித்துச் சொன்னார். ஓவர்லாக் தைக்க வந்து சேர்ந்த கூட்டாளியின் மச்சான் ஒருவர். இரண்டு பேருக்கும் கணக்கில் சோறு போட்ட மெஸ்காரர். லைன் வீட்டு ஓனர் அம்மா. தைப்பூசத்துக்குப் பழனி வரைக்கும் ஒன்றாக நடந்த பாதயாத்திரைக் குழு. பட்டறையிலிருந்து கம்பெனிக்குத் துணி ரோல் ஏற்றி இறக்கிய டெம்போ டிரைவர்.

டீ வந்தது. கிழிந்த கேலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் இரண்டு புள்ளி வைத்தேன். ஒன்று மாஸ்டர், மற்றது கூட்டாளி. நடுவில் அந்த ஐந்து பேருக்கும் ஐந்து புள்ளி. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பக்கமும் கோடு. நேர்க்கோடு அறுந்துவிட்டது, ஆனால் சுற்றுக்கோடு ஐந்து இருக்கிறது. ஃபேஸ்புக் கம்பெனிக்காரர்கள் செய்வதும் இதைத்தான். உங்களுக்கும் ஒருவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் உங்கள் நண்பர்களில் நாலைந்து பேர் அவருக்கும் நண்பர்கள் என்றால், 'இவரைத் தெரியுமா?' என்று அது உங்களிடம் கேட்கிறது. ஃபேஸ்புக்கில் இந்த வசதி 2008-ல் வந்தது. அது செய்கிற வேலையில் அடிப்படையானது, நண்பரின் நண்பரை எண்ணுவது. போனில் இருக்கும் நம்பர் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்பதும் இந்தக் கணக்குக்குத்தான்.

ஆனால் வெறும் எண்ணிக்கை ஏமாற்றும். இதை விளக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் தேடுகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஊரே தெரிந்த ஒரு அரசியல்வாதி உங்களுக்கும் நண்பர், எனக்கும் நண்பர் என்று ஃபேஸ்புக்கில் காட்டினால் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? அவருக்கு ஐயாயிரம் நண்பர்கள், அதற்கு மேல் ஃபேஸ்புக்கே விடாது. ஆனால் நாற்பது பேரை மட்டும் நண்பராக வைத்திருக்கும் ஒரு லைன் சூப்பர்வைசர் நம் இரண்டு பேருக்கும் பொது நண்பர் என்றால், நாம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் லாடா அடாமிக், எய்த்தன் அடார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் இதைக் கணக்காகவே எழுதினார்கள். பொதுவாக இருப்பவருக்குத் தொடர்புகள் கூடக் கூட அவருக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. யார் யாரை அறிந்திருப்பார் என்று ஊகிக்கிற வேலைகளில் இன்றைக்கும் அது பயன்படுகிறது.

"அப்ப எங்க கவுன்சிலர் ஃப்ரெண்டா இருக்கறதுல பிரயோசனம் இல்ல."

"தேடறதுக்கு இல்லீங்க. மச்சான் ஒருத்தர் கிடைச்சாப் போதும்."

இது கம்ப்யூட்டர் வந்தபிறகு கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1960-களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். பாஸ்டன் நகரில் வேலை பார்த்து, ஷாரன் என்ற சிற்றூரில் குடியிருந்த ஒரு பங்குத் தரகருக்கு ஒரு தபால் போய்ச் சேர வேண்டும். ஆனால் நேராக அனுப்பக் கூடாது. நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமான ஒருவரிடம், அந்தத் தரகருக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் இருக்கக்கூடியவரிடம், கொடுக்க வேண்டும். அவரும் அதே மாதிரி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். மில்கிராமும் ஜெஃப்ரி டிராவர்ஸும் 1969-ல் வெளியிட்ட கணக்குப்படி 296 பேர் இதைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் பெரும்பகுதி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்தவர்கள். 64 தபால்கள் போய்ச் சேர்ந்தன. சேர்ந்தவற்றில் நடுவில் இருந்த கைகள் சராசரியாக 5.2.

உலகம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது அந்த 'ஆறு கை' கதையை. எனக்குப் பிடித்தது வேறொரு விவரம். போய்ச் சேர்ந்த 64-ல் 16 தபால்கள் கடைசியாக ஒரே ஆளின் கை வழியாகத்தான் அந்தத் தரகரிடம் வந்தன. அவர் யார் தெரியுமா? ஷாரன் ஊரில் இருந்த ஒரு துணி வியாபாரி.

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அங்கயும் நம்மாளுதான்!"

காரணம் இருக்கிறது. துணிக்கடைக்கு எல்லா வீட்டு ஆளும் வருவார்கள். ஒரு ஊரில் தொழிலால், தெருவால், சாதியால் பிரிந்து கிடக்கிறவர்கள் ஒரே ஆளைக் கடந்து போக வேண்டியிருந்தால் அவர் பாலமாகிவிடுவார். அப்படிப் பார்த்தால் திருப்பூர் முழுக்கப் பாலங்கள்தான். ஒரு பனியனை யோசித்துப் பாருங்கள். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, அங்கிருந்து சாயத்துக்கு, பிறகு காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கலாம். மற்றபடி இந்த ஊர் ஜாப் ஒர்க்கில் ஓடுகிற ஊர். பத்து மிஷின் போட்ட பவர் டேபிளில் ஒரு வேலை, ரெண்டு தெரு தள்ளி இன்னொரு வேலை. ஒவ்வொரு கைக்கும் முந்தின கையையும் அடுத்த கையையும்தான் தெரியும். எல்லாக் கையையும் பார்த்தவர் ஒருவர் உண்டு. ரோல் ஏற்றி இறக்குகிற டெம்போ டிரைவர்.

அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஊரே அறிமுகத்தில் எழுந்தது என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தவர் சொந்த பந்தத்தின் மூலம் பணம் திரட்ட முடிந்ததால் கூடுதல் மூலதனத்தோடு தொழில் தொடங்கினார்கள். அந்தப் பந்தம் இல்லாமல் வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த மூலதனத்தோடு தொடங்கினார்கள், ஆனால் வேகமாக வளர்ந்தார்கள். இதில் எனக்குப் படுவது, அறிமுகம் ஒருவருக்குக் கதவைத் திறக்கும்போதே இன்னொருவரை வாசலில் நிறுத்தியும் வைக்கிறது. தேனியிலிருந்து பஸ் ஏறி வந்த சாயப்பட்டறைத் தொழிலாளிக்குப் பணம் தரும் பந்தம் இங்கே கிடையாது. அவருக்கு இருந்தது மச்சான், மெஸ், டெம்போ. இன்றைக்கு அவரைத் தேடும்போது நாம் பிடிக்க வேண்டிய நூலும் அதுதான்.

இங்கே மாஸ்டர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "எனக்கு நெருக்கமான பசங்க நாலு பேர் இருக்கறாங்க. அவங்ககிட்ட எல்லாம் கேட்டாச்சு. ஒருத்தனுக்கும் தெரியல."

தெரியாதுதான். நெருக்கமான நாலு பேருக்கும் தெரிந்த ஆட்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்த ஆட்கள். நமக்குத் தெரியாத சேதி அவர்களிடம் எப்படி இருக்கும்? மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியது. வேலை மாறியவர்களிடம், உங்களுக்கு அந்த வேலையைப் பற்றிச் சொன்னவரை எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள் என்று அவர் விசாரித்திருந்தார். அறிமுகத்தால் வேலை பிடித்தவர்களில் ஆறில் ஒரு பங்கினர்தான் அடிக்கடி பார்க்கிறவரிடமிருந்து சேதி பெற்றவர்கள். மிச்சமெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், அபூர்வமாகப் பார்க்கிறவர் சொன்ன சேதி. காரணம், லேசான பழக்கம் உள்ளவர் வேறொரு வட்டத்தில் இருக்கிறார், அங்கே புழங்குகிற பேச்சு வேறு.

ஆகவே தேடுகிறவர் கூச்சத்தை விட வேண்டும். பத்து வருஷமாகப் பேசாத மெஸ்காரருக்குப் போன் போட வேண்டும். பாதயாத்திரைக் குழுவில் பின்னால் நடந்து வந்தவரிடம், லைன் வீட்டு ஓனர் அம்மாவின் மகனிடம் கேட்க வேண்டும். இவர்களில் யாராவது ஒருவர் ஃபேஸ்புக்கில் இருந்தால் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவருடைய நண்பர் பட்டியல் திறந்திருந்தால் நிதானமாகப் படிக்க வேண்டும். பழைய பாதயாத்திரைப் படம் ஏதாவது இருந்தால் போட்டுவிட்டு, இதில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்கலாம். பேரை மறந்தவர்கள்கூட முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நம் தொழிலாளர்கள் ஃபேஸ்புக்கைவிட வாட்ஸப்பில்தான் அதிகம் இருக்கிறார்கள். அங்கே யாருக்கு யாரைத் தெரியும் என்று திரை காட்டாது, வாயால்தான் கேட்க வேண்டும்.

தூரத்தை நினைத்து மலைக்கத் தேவையில்லை. ஃபேஸ்புக் 2011-ல் தன்னிடம் இருந்த 72.1 கோடி பேரை வைத்துக் கணக்குப் போட்டபோது, எந்த இரண்டு பேருக்கும் நடுவில் சராசரியாக 3.74 பேர்தான் இருந்தார்கள். 2016-ல் 159 கோடிப் பேர் ஆனபோது அது 3.57 ஆகக் குறைந்தது. வீரபாண்டிக்கும் தேனிக்கும் நடுவில் இரண்டு பேருக்கு மேல் தேவைப்படாது என்பது என் ஊகம்.

"அவ்வளவு கிட்டத்துல இருந்தா ஏந் தம்பி கிடைக்கறதில்ல?"

இதற்குப் பதில் சொல்லத்தான் இரண்டாவது டீ சொன்னேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் டாட்ஸ், ரோபி முகமது, டங்கன் வாட்ஸ் மூவரும் மில்கிராமின் சோதனையை மின்னஞ்சலில் மறுபடி செய்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 13 நாடுகளில் 18 ஆட்களைப் போய்ச் சேர வேண்டும். அதில் ஒருவர் இந்தியாவில் இருந்த ஒரு தொழில்நுட்ப ஆலோசகர். 24,163 சங்கிலிகள் தொடங்கின. போய்ச் சேர்ந்தவை 384. மற்றதெல்லாம் நடுவில் நின்றுபோயின. அடுத்து யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் நின்றவர்கள் மிக மிகக் குறைவு. மற்றவர்கள் சும்மா அனுப்பாமல் விட்டவர்கள். வந்த சேதியைப் பார்த்தார்கள், அப்புறம் அனுப்பலாம் என்று வைத்தார்கள், அதோடு சரி.

ஊரும் உறவும் பெரிதாகிவிட்டதால் ஆளைப் பிடிக்க முடியவில்லை என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்திலும் அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் நூல் அறுந்திருக்கிறது. சில தடவை அந்த ஆள் நானாகவே இருந்திருக்கிறேன். பள்ளியில் கூடப் படித்தவர் ஒருவரைப் பற்றிக் கேட்டு வந்த செய்தி என் போனில் மூன்று மாதம் கிடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே அனுப்புகிற செய்தி அடுத்தவர் சுலபமாகக் கைமாற்றும்படி இருக்க வேண்டும். 'எப்படி இருக்கீங்க, ஒரு விஷயம்' என்று தொடங்கி நிறுத்தினால் யாரும் பதில் போட மாட்டார்கள், கடன் கேட்கிறார் என்று பயப்படுவார்கள். மாஸ்டருக்கு நான் எழுதிக் கொடுத்தது நாலே வரி. நான் யார், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும் எந்த லைன் வீட்டில் இருந்தேன், தேடுகிற ஆள் யார், அவரோடு இருந்த இன்னொருவர் பேர், என் நம்பர். கீழே ஒரு வரி: 'அவர் நம்பர் எனக்கு வேண்டாம், என் நம்பரை அவரிடம் கொடுத்தால் போதும்.'

அந்தக் கடைசி வரியில்தான் மாஸ்டர் நின்றார். "எதுக்கு? நம்பர வாங்கிட்டா நானே பேசிருவனே."

அவர் பேச நினைக்கிறாரா என்று நமக்குத் தெரியாதே மாஸ்டர் என்றேன். போனவர் எல்லாரும் காணாமல் போனவர் இல்லை. சிலர் கடன் சுமையோடு போயிருப்பார்கள். சிலர் இந்த ஊரை மறக்க நினைத்திருப்பார்கள். பெண்களைத் தேடும்போது இன்னும் கவனம் வேண்டும். பதினெட்டு வயதில் செக்கிங் டேபிளில் உங்களோடு வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போயிருப்பார், பேருக்குப் பின்னால் கணவர் பேர் இருக்கும், போன் வீட்டில் எல்லார் கையிலும் இருக்கும். நீங்கள் நல்ல மனதோடு அனுப்பும் ஒரு வணக்கம் அந்த வீட்டில் என்ன கேள்வியைக் கிளப்பும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பெண்ணைத் தேடினால் இன்னொரு தோழி வழியாகத் தேடுங்கள், நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். திறந்த பக்கத்தில் அவர் படத்தைப் போட்டு 'இவரைத் தெரியுமா' என்று கேட்பது தப்பு. பழைய கூட்டாளி என்று சொல்லிப் பணம் பறிக்கிறவர்களும் இருப்பதால், தேடுகிறவர் பக்கத்திலும் நிதானம் வேண்டும். கிடைத்துவிட்டார் என்று யாராவது சொன்னால், இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு பழைய சங்கதியைக் கேட்டுப் பாருங்கள்.

மாஸ்டர் தலையாட்டினார். "பழனி போறப்ப அவன் செருப்புத் தொலைஞ்ச இடத்தக் கேக்கறேன்."

நாலு வரியை அவரே ஒற்றை விரலால் அடித்தார், கால் மணி நேரம் ஆனது. முதலில் மெஸ்காரருக்கு. அடுத்து, இப்போது பேக்கிங் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் அந்த டெம்போ டிரைவருக்கு. மூன்றாவதாகப் பாதயாத்திரைக் குழுவின் வாட்ஸப்புக்கு, அதில் 60 பேர் இருந்தார்கள். அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் போனிலும் இப்படி ஒரு செய்தி பதில் இல்லாமல் கிடக்கலாம், யாரோ யாரையோ தேடி, உங்களை நடுவில் வைத்து எழுதியது. மேலே தள்ளிப் பாருங்கள். இருந்தால் இன்றைக்கே அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள்.